பாடகரின் மேல் வரிசைப் பற்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு கீழ்த்தாடைப் பல் செட் திரும்பி வந்துவிட்டது. கடித்தால் இடிக்கிறதாம். கொஞ்சம் ராவி, மெருகேற்றி, திரும்ப டப்பாவில் போட்டேன். பிறகு நான்கு கடைவாய்ப் பற்கள். வேலைக்கூடத்தில் இன்று நான் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை. பக்கத்து மேசைப் பெண்ணிடம், “அந்த மெழுகை மூடி வை.” பீங்கான் பற்களுக்கு நிறம் கொடுப்பவள் அவள். அதனால் என் மனதுக்குள் அவள் பெயர் பீங்கான். மூடி வைத்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து தாத்தாக்களின் மூன்றாவது ஆல்பம். மெட்டல் இசைக்கே தாத்தாக்கள் இவர்கள்தான், உலகத்தில் பாதிப் பேர் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எத்தனை தடவை கேட்டாலும் அந்த முதல் கிட்டார் வந்து விழும்போது தோள் தானாக இறங்கிவிடுகிறது. யாரோ கையிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டது போல.

பேண்ட்களுக்கு நானே பெயர் வைத்துவிடுகிறேன். அவர்கள் பெயரை வாசிக்க முடிந்தால்தானே! பெரியவர்கள் பரவாயில்லை, அட்டையில் ஒழுங்காக எழுதுகிறார்கள். ஆள் தெரியாத பேண்ட் என்றால் முட்புதரை வரைந்து வைத்து, அதுதான் பெயர் என்கிறார்கள். ஆகவே: தாத்தாக்கள். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு குளிர்காலத்தைப் பற்றியே கத்துகிறவர்கள், பனிக்காரர்கள். நிமிடத்துக்கு ஒரு தாளம் மாற்றுகிறவர்கள், கணக்குப் பிள்ளைகள். படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்த ஒருவர் இருக்கிறார். அவருடைய டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலிருக்கும். அவர் பெயர் அட்டைப்பெட்டி. அவரை எனக்குப் பிடிக்கும். அவரைக் கேட்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

மார்ச் 7, சனி

இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். கணக்குப் பிள்ளைகளின் இரண்டாவது ஆல்பம் வாங்கினேன். பில் போட்டுவிட்டு, கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து நீட்டினார்.

“இதையும் சும்மா எடுத்துட்டுப் போங்க. ரொம்ப நாளா கெடக்கு. பேரையே யாராலயும் படிக்க முடியல, எப்படி விக்கிறது?”

பழுப்பு அட்டை. நடுவில் கறுப்பாக, பிடுங்கிப் போட்ட மரத்தின் வேர் மாதிரி ஒரு படம். அதுதான் பெயர் போலிருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வேர் இப்போது மரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பாட்டுகளின் பெயர்கள் இல்லை. ஆட்களின் பெயர்கள் இல்லை. எந்த ஊர் என்று கூட இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

வேர்க்காரரைக் கேட்டேன்.

என்ன எழுதுவது? முதலில் வெறும் இரைச்சல், பிறகு ஒரு டிரம் அடி. அடுத்த அடி வருவதற்குள் மூச்சு விட்டு, இழுத்து, இன்னும் வரவில்லையே என்று நினைக்கும்போது வருகிறது. கிட்டார் தாழ்வாக, தரையோடு தரையாக நகர்கிறது. மெதுவான மெட்டல் எனக்குப் புதிதில்லை. ஆனால் மெதுவாக வாசிக்கும் மற்றவர்கள் மெதுவைக் காட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கு வேறு வழி இல்லாதது போல் இருக்கிறது.

பிறகு அந்தக் குரல். ஆண் குரல். ஐம்பதைத் தாண்டியிருக்கும். கத்துகிறார், ஆனால் யாரையும் பயமுறுத்த இல்லை. கத்தினால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும் கத்துகிறார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, என்ன மொழி என்றே தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் நின்ற பிறகு, அவர் மட்டும் விம்முகிறார். நான்கு விம்மல். அவ்வளவுதான், தட்டு முடிந்துவிடுகிறது.

ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன்? நன்றாகத்தானே இருக்கிறேன்?

மார்ச் 12, வியாழன்

வேர்க்காரர். இரண்டு பக்கமும்.

மார்ச் 20, வெள்ளி

அவருடைய மேல் முன்பற்களில் ஏதோ கோளாறு இருக்கிறது.

சிரிக்கக்கூடாது, இது என் தொழில். ‘ஸ’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்கு ‘ஷ’ என்று தட்டையாக, காற்றோடு வருகிறது. பல் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது மேல் வரிசை முழுக்க செட்டாக இருக்க வேண்டும். செட் என்றால், பற்களை ரொம்ப முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அப்படி வைத்தால் நாக்குக்கு இடம் தெரியாமல் தடுமாறும். சாப்பிடுவதற்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், பாவம்.

அப்படியானால் வயது ஐம்பத்தைந்துகூட இருக்கலாம். தனியாக இருப்பவர். வீட்டில் யாராவது இருந்தால் அந்த செட்டை மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 26, வியாழன்

மதிய இடைவேளையில் எல்லாரும் வெளியே போனபோது, வீணாய்ப்போன ஒரு அச்சின் மேல் மெழுகு வைத்து அவருக்கு ஒரு மேல் வரிசை அடுக்கிப் பார்த்தேன். முன்பற்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து. கோரைப்பல்லை லேசாகச் சாய்த்து, அந்த வயதில் வரிசை அத்தனை ஒழுங்காக இருந்தால் பொய்யாகத் தெரியும். நிறம் கொஞ்சம் மஞ்சள். நன்றாக வந்தது. சொல்லக்கூடாது, ரொம்பவே நன்றாக வந்தது.

பீங்கான் எதையோ எடுக்கத் திரும்பி வந்து பார்த்துவிட்டாள்.

“இது யாருக்கு? ஆர்டர் சீட்டையே காணோம்?”

“தெரிஞ்சவர் ஒருத்தருக்கு.”

“ஓ…” என்று ஒரு இழு இழுத்தாள். முகத்தில் சிரிப்பு. நானும் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை?

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். வழக்கமான விசாரணைகள் எல்லாம் முடிந்ததும் ஆரம்பித்தாள்.

“இன்னும் அந்தக் கத்தலத்தான் கேட்டுக்கிட்டிருக்கியா?”

“ம்.”

“இங்க மாடி ரூம் சும்மா கெடக்குடி. பசங்களும் சித்தி சித்தின்னு இருப்பாங்க. அங்க ஒண்டியா உக்காந்து என்ன பண்ற?”

“வேலை இருக்கில்ல?”

“பல்லு எல்லா ஊர்லயும்தான் விழுது. சரி, ஒண்ணு கேக்கிறேன். அந்த ஊர்ல உனக்குன்னு ஒரு ஆள் சொல்லு பாப்போம். ஒரே ஒரு ஆள்.”

வாய் வரைக்கும் வந்தது, வேர்க்காரர் என்று. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே வண்டி ஏறியிருப்பாள்.

ஆனால் கேள்வி கேள்விதானே. விவாகரத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தேன், எதையும் விளக்க வேண்டியதில்லாத ஊராக இருக்கட்டும் என்று. அது பலித்துவிட்டது. விளக்குவதற்கு ஆளே இல்லை. அக்கா வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் ஆள் இருக்கும், சத்தம் இருக்கும், பாசமும் இருக்கும். நான் இருக்க மாட்டேன். அங்கே ஹெட்போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் யாராவது தோளைத் தட்டுவார்கள். ஜூன் மாதக் கடைசி வரை வீட்டு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, அதற்குள் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் மறுபடியும் அவர்தான். முதல் பக்கம் மட்டும் கேட்கலாம் என்று போட்டேன். அவரைப் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

ஏப்ரல் 11, சனி

கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறார்!

மாதத்தின் முதல் ஞாயிறு கடையை மூடிவிட்டு நாலைந்து பேர் உள்ளே உட்கார்ந்து ஆல்பம் கேட்பார்களாம். எல்லாருக்கும் தெரிந்த பேண்ட் ஒன்று, யாருக்கும் தெரியாத பேண்ட் ஒன்று. கொண்டு வருகிறவர் தட்டைப் போடுவதற்கு முன் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஊசி ஓடும்போது யாரும் பேசக்கூடாது.

“அடுத்த தடவ தெரியாத பேண்டு உங்க பொறுப்பு. உங்களத் தவிர யாரு அந்த மாதிரி தட்டெல்லாம் தேடித் தேடி வாங்குறாங்க?”

சரி என்று சொல்லிவிட்டேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் பயம் வந்தது.

ஏப்ரல் 25, சனி

போகலாமா? வேண்டாமா?

நாலு பேர் நடுவில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று? கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட மறந்துவிட்டது. அவர் - என் முன்னாள் கணவர் - சொல்வார், “ஒனக்கு மனுசங்க கூட இருக்கத் தெரியாது. மனுசங்க கத்துறத மட்டுந்தான் கேக்கத் தெரியும்.” அவர் பேசியதெல்லாம் கார்களைப் பற்றி. அதற்கு இந்தக் கத்தல் எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த வாக்கியம் மட்டும் வாடகை கொடுக்காமல் என் தலைக்குள் குடியிருக்கிறது.

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மெதுவைப் பற்றி. அவர் குரலைப் பற்றி. அந்த நான்கு விம்மலைப் பற்றி. பல்லைப் பற்றிச் சொல்லலாமா? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் நல்லதுதானே, இறுக்கம் குறையும்.

மே 2, சனி

நீலச் சட்டை. தேய்த்து வைத்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

போயிருக்கவே கூடாது.

போயிருக்கவே கூடாது போயிருக்கவே கூடாது.

எல்லாம் நல்லாத்தானே ஆரம்பிச்சுது. கடைக்குள் மடக்கு நாற்காலிகள். கடைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், பஸ் ஓட்டுகிற ஒரு பெரிய அம்மா, இன்னும் இரண்டு பேர். வாத்தியார் தாத்தாக்களின் முதல் ஆல்பத்தைக் கொண்டு வந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டோம். நாலு பேரோடு சேர்ந்து ஒரே கிட்டாரைக் கேட்பது - எனக்கு அது மறந்தே போயிருந்தது. பக்கத்தில் அந்த டிரைவரம்மாவின் செருப்புக் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இங்கே எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது என்று நினைத்தேன். நினைச்சேனே!

அடுத்து நான். தாளைப் பார்க்காமலே பேசினேன். வயதான மனிதர் என்றேன். தனியாக இருப்பவர், கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும் கத்துகிறவர், ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர் என்றேன். மெட்டலில் இத்தனை மெதுவாக, இத்தனை துக்கமாக நான் கேட்டதில்லை என்றேன். நான் பல் செட் செய்பவள், இவருடைய மேல் வரிசையைக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன், யாரோ மோசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றேன். எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். வாத்தியார் “அடேயப்பா” என்றார். அந்த ‘அடேயப்பா’வில் நான் ஒரு அடி உயர்ந்துவிட்டேன்.

கடைக்காரர் தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “வரி அகலமா இருக்கே” என்று சொல்லிக்கொண்டே பிளேயரின் ஓரத்தில் ஒரு விசையைத் தள்ளினார். ஊசியை வைத்தார்.

டடடடடடடடவென்று டிரம்ஸ். ஓடுகிறது. கிட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரு பெண். சின்னப் பெண், இருபது, இருபத்திரண்டு இருப்பாள். எல்லாப் பல்லும் ஒழுங்காக இருக்கிற ஒரு பெண், தொண்டை கிழியக் கத்துகிறாள்.

“இது இல்ல!” என்று கத்திவிட்டேன். ஊசி ஓடும்போது. “தட்டு மாறிடுச்சு, இது அவர் இல்ல!”

கடைக்காரர் அட்டையைக் காட்டினார். அதே வேர்.

“நீங்க இத எந்த வேகத்துல கேட்டீங்க?”

எந்த வேகமா? பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து, அதுதானே வழக்கம்? என்னிடம் சின்னத் தட்டே கிடையாது. அந்த விசையை நான் தொட்டதே இல்லை. சில பேண்ட்கள் பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் போடுவார்களாம், வரி அகலமாக இருந்தால் அதுதான் அடையாளமாம். ஓரத்தில் குறிப்பிட வேண்டும், இவர்கள் குறிப்பிடவில்லை. இவர்கள் பெயரையே ஒழுங்காகப் போடாதவர்கள்.

முதலில் வாத்தியார்தான் சிரித்தார். பிறகு எல்லாரும். டிரைவரம்மா தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணி வரச் சிரிச்சாங்க. “பல்லு! பல்லக்கூட கண்டுபிடிச்சுட்டாங்க!” கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு நடக்காமல் இருந்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மே 4, திங்கள்

அவமானம் கூட இல்லை. அது நேற்றோடு பாதி போய்விட்டது. இது வேறு.

அவர் இல்லை.

செத்துப்போகவில்லை, பிரிந்துபோகவில்லை. இருந்ததே இல்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் என்னோடு இந்த அறையில் இருந்த ஆள், ஒரு விசையைத் தள்ளினால் இல்லாமல் போகிற ஆள். இதற்கு யாரிடம் போய் அழுவது? என்னவென்று சொல்லி அழுவது?

வேலைக்கூடத்தில், அவருக்குச் செய்து வைத்திருந்த மேல் வரிசையை டிராயரிலிருந்து எடுத்துப் பற்களைப் பிடுங்கி, மெழுகை உருக்கும் சட்டியில் போட்டேன். பீங்கான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தெரிஞ்சவருக்குத்தானே செஞ்சீங்க? அவருக்கு வேணாமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல். அவளாக என்னவோ புரிந்துகொண்டாள். பத்து நிமிடத்தில் முதலாளி வந்தார், தலைகுனிந்து நின்றார், “எப்ப நடந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். “நேத்து சாயங்காலம்,” என்றேன். வேறு என்ன சொல்ல! வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பீங்கான் வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்லவே இல்லையே” என்றாள். மூன்று வருடத்தில் இன்றுதான் இந்த ஆட்கள் என்னைத் தொட்டிருக்கிறார்கள், அதுவும் பிறக்காத ஒருவர் இறந்ததற்காக.

இதை வாசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்துவிட்டுத் திரும்ப அழுதேன்.

மே 9, சனி

கடைத் தெரு வழியாகப் போவதில்லை. சுற்றி வேறு பஸ்ஸில் போகிறேன். வீட்டில் எதையும் போட்டுக் கேட்கவும் இல்லை. தாத்தாக்களைக்கூட.

மே 14, வியாழன்

அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது. “மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வைக்கிறேன்” என்றாள். பிளேயர் வைக்க இடம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மே 18, திங்கள்

பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் இருக்கையில் அந்தம்மா!

இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

“இந்தாங்க! பல்லுக்காரம்மா! அன்னைக்கு ஏன் அப்படி ஓடிப்போனீங்க?”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் போய் நின்றேன், இன்னும் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று.

“உங்க தட்டு எங்கிட்டதான் இருக்கு. அந்தக் கடைக்காரர நம்பக்கூடாது, மறுபடி வித்துருவாரு. வீட்டுல போட்டுப் பாத்தேன், நீங்க சொன்ன அதே மெதுவுல.”

“அது… அத விடுங்க.”

“எதுக்கு விடணும்? எனக்கு ஒண்ணும் வெளங்கல. மாடு கத்துற மாதிரி இருக்கு. நீங்க என்னென்னமோ சொன்னீங்களே, தனியா இருக்காரு, தூரத்துல யாரும் இல்லன்னு. பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க, எந்த எடத்துல அதெல்லாம் வருதுன்னு.”

கிண்டல் செய்கிறாரா என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை.

“அன்னைக்குச் சிரிச்சது தப்புதான்,” என்றார். “சிரிப்பு வந்தா எனக்கு அடக்கத் தெரியாது. எம் பையனோட கல்யாணத்துலயே சிரிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டவ நான். ஞாயித்துக்கெழம வரட்டுமா?”

என் நிறுத்தம் வந்துவிட்டது. சரி என்று சொல்லித்தான் இறங்க வேண்டியிருந்தது.

மே 24, ஞாயிறு

வந்தார். கையில் அந்தத் தட்டு. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்தேன். இந்த அறைச் சுவர்கள் அந்த இசையைக் கேட்பது இன்றுதான் முதல் தடவை. ஹெட்போனில் கேட்டதால்தானே யாரும் வந்து, ‘இதென்ன இப்படி இழுக்குது’ என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

முப்பத்து மூன்றில் போட்டேன்.

எனக்கு அவர் கேட்கவில்லை. எவ்வளவு முயன்றும். அந்தப் பெண்ணைக் காலைப் பிடித்து இழுப்பது போலத்தான் கேட்கிறது. அப்படியே சொன்னேன், “போயிட்டாரு. எனக்கு இனிமே கேக்காது.” சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஒரு தட்டுக்காக அழுகிற நாற்பத்தாறு வயதுப் பொம்பளையை அந்தம்மா விசித்திரமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கையை நீட்டி, பேசாதே என்பது போல் காட்டினார்.

“இருங்க… இந்த எடந்தானே? ஏதோ சொல்ல வந்துட்டு, வேணாம்னு விட்டுர்றாரு. இதுதானே நீங்க சொன்னது?”

அதேதான். அதே இடம்தான். எனக்குப் போய்விட்டவர், டிரைவரம்மாவுக்கு வந்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டார். “ஆமா, செட்டுதான்,” என்றார். “எங்க மாமாவும் இப்படித்தான் பேசுவாரு.”

பிறகு அவர் முறை. “இப்ப நான் காட்டுறேன்,” என்று எழுந்து, விசையைத் தள்ளிவிட்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டார். அவருக்கு வேகமான பேண்ட்கள்தான் பிடிக்கும். “நாள் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து வண்டி ஓட்டுறேன். எனக்கு முன்னால சிக்னல், பின்னால ஹார்ன். வீட்டுக்கு வந்தா யாராவது வேகமாப் போகணும். போறதக் கேட்டாலே போதும்.” பையன் வேறு நாட்டில் இருக்கிறான், கணவர் இறந்து நாளாகிவிட்டது. அதையும் அதே மூச்சில், ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் ஓடிக்கொண்டே இருந்தாள். வேகத்தில் கேட்டால் அது துக்கமே இல்லை. யாரோ நாலு பேர் ஒரு சின்ன அறையில் வியர்க்க வியர்க்க வாசிக்கிறார்கள், யார் முதலில் முடிப்பது என்று போட்டி. கடைசியில் எல்லாம் நின்றது. அந்த நான்கு விம்மல் வரும் இடம். என் கை தானாகக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சிரிப்பு. அவள் சிரிக்கிறாள். ஏதோ தப்பாக வாசித்துவிட்டார்கள் போல, அல்லது முடித்துவிட்டோம் என்ற சந்தோஷம், நாலே நாலு மூச்சில் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. பின்னால் இன்னொரு குரலும் சேர்ந்து சிரிக்கிறது, மெதுவில் அது இரைச்சலோடு கரைந்துபோயிருந்தது.

இதற்கா? இதற்கா நான் இரண்டு மாதம் கூட உட்கார்ந்து அழுதேன்?

டிரைவரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன், விம்மல் என்று நினைத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இந்தத் தடவை நானும் சிரித்தேன். நாற்காலியின் கால் ஒன்று ஆட்டம், அதில் அவர் சிரிக்கச் சிரிக்க அது வேறு தனியாக ஆடியது.

தட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். “அவருக்கு உங்களத்தான் புடிச்சிருக்கு,” என்றேன்.

மே 25, திங்கள்

அவர் இல்லாத அறை. தேடுகிறேன்தான். பொய் எதற்கு?

ஜூன் 7, ஞாயிறு

கடைக்குப் போனேன். டிரைவரம்மாவுக்கு இன்று வேலை, வரவில்லை. தனியாகத்தான் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்று, போஸ்டரை வாசிப்பது போல் நடித்துவிட்டு உள்ளே போனேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் தட்டைப் போடும்போது மட்டும், வேகத்தை எனக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பனிக்காரர்களின் பழைய ஆல்பம் ஒன்று, பிறகு வாத்தியார் கொண்டு வந்த ஒரு பேண்ட்: மூன்று பேர், பாடவே மாட்டார்கள், கிட்டார் மழைக்கால ஓட்டுக்கூரை மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் ‘ஒழுகல்’ என்று பெயர் வைத்தேன். வாய்விட்டுச் சொன்னேன். அங்கேயே அது நிலைத்துவிட்டது, கடைக்காரர் அட்டையில் அப்படியே எழுதி ஒட்டினார்.

கிளம்பும்போது வாத்தியார் என்னை ஓரமாக அழைத்து வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் ஒரு பல் ஆடுகிறதாம். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பார்க்க மாட்டார், ஆளைப் பார்த்தாலே தெரிகிறது.

திரும்பி வரும்போது ஒன்றும் பெரிதாக இல்லை. அதே தெரு, அதே படி. வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல அந்த அமைதி. நாலு பேரோடு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் அமைதி முன்னைவிடச் சத்தமாக இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே.

ஜூன் 13, சனி

வீட்டு உரிமையாளர் போனில் கேட்டார், காலி செய்கிறேனா இல்லையா என்று. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அட்டைப்பெட்டி ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். அந்த ஆளும் தனியாகத்தான் வாசிக்கிறார், ஆனால் பதிவு செய்து வெளியே அனுப்பிவிட்டாரே. நான்?

ஜூன் 15, திங்கள்

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, வியாழன்

அக்காவிடமும் சொல்லியாயிற்று. கோபம். வெள்ளையடித்தது, கட்டில் வாங்கியது, பசங்களிடம் சொன்னது எல்லாம் வரிசையாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நியாயமான கோபம்தான். கடைசியில் அழுதாள்.

“உன்ன அங்க தனியா விட்டுட்டு நான் எப்படிடி நிம்மதியா தூங்குறது?”

“பயப்படாதக்கா.”

“என்னத்த பயப்படாத? யாரு இருக்கா உனக்கு அங்க?”

“பஸ் ஓட்டுறவங்க ஒருத்தங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழம வருவாங்க.”

அந்தப் பக்கம் பசங்களை அதட்டி வெளியே அனுப்பினாள். பிறகு, “பொம்பளையா?” என்றாள்.

“பொம்பளதான். அம்பத்தெட்டு வயசு. வேகமா கத்துற பேண்டுதான் புடிக்கும்.”

“ஒங்கூடச் சேந்தவதான்,” என்று பெருமூச்சு விட்டாள். தீபத்தை ஊதி அணைக்கிற அளவு பெருமூச்சு. ஆனால் போனை வைக்கும் முன் கேட்டாள், “வந்தா சாப்பிட என்ன குடுப்ப? ஒழுங்கா எதாவது செஞ்சு குடு.”

ஜூன் 28, ஞாயிறு

இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆடாதது.

டிரைவரம்மா மூன்று மணிக்கு வந்தார். கணக்குப் பிள்ளைகளின் புது ஆல்பம் வந்திருக்கிறது, அதைப் போட்டேன். நாலாவது பாட்டு வரைக்கும் இரண்டு பேரும் ஒழுங்காகக் கேட்டோம். இவ்வளவு தாளம் மாற்றினால் பஸ் குடை சாய்ந்துவிடும் என்றார். அதில் ஆரம்பித்தது. அது எங்கெங்கோ போய், அவர் கணவருக்குக் கடைசி வருடம் நினைவு தப்பிப்போனது, என்னுடைய அவர் வீட்டைவிட்டுப் போன அன்று காரைக் கழுவிவிட்டுப் போனது, பீங்கானுக்குப் புதிதாக ஒரு பல் நிறம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பைத்தியம், பஸ்ஸில் தினமும் ஏறித் தூங்கிவிடுகிற ஒரு ஆள் வரை வந்துவிட்டது. வெளியே இருட்டிவிட்டது, விளக்கைப் போட எழுந்தபோதுதான் பார்த்தேன். முதல் பக்கம் எப்போதோ முடிந்து, ஊசி நடுவில் போய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். “அப்புறம்?” என்றார்.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது.